புற்றுநோய் ஆய்வின் பொதுப் படிமக்கூடங்களும் மணிக்கட்டணமும்

பெட் ஸ்கேனர், சிறு விலங்குகளுக்கான எம்.ஆர்.ஐ., கன்போகல் நுண்ணோக்கி ஆகியவற்றை ஒவ்வோர் ஆய்வுக்குழுவும் தனித்தனியே வாங்கிப் பராமரிப்பது இயலாத காரியம். அதனால்தான் புற்றுநோய் ஆய்வு மையங்கள் பொதுப் படிமக்கூடம் ஒன்றை அமைத்து, பயன்படுத்துவோரிடம் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகின்றன. 1971-ஆம் ஆண்டின் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தையொட்டி அமெரிக்காவில் வளர்ந்த மையங்களில் 70-க்கும் மேற்பட்டவை இன்று அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவை. அம்மையங்களுக்கான ஆதரவு நல்கையில் பொதுக்கூடங்களுக்கெனத் தனி இனமே உண்டு. இந்த ஏற்பாடு பெரும்பாலும் சிக்கன நடவடிக்கையாகவே பேசப்படுகிறது. படிமத்தை நம்பத்தக்க அளவீடாக மாற்றும் அறிவு குடியிருக்கும் இடமும் இக்கூடங்களே என்பது என் வாதம். கருவி ஓடும் நேரத்தைக் கொண்டு கட்டணம் வகுக்கும்போது அந்த அறிவு கணக்கில் வருவதில்லை. நிதி நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

எஃப்.டி.ஜி. என்னும் கதிரியக்கச் சர்க்கரையைக் கொண்டு எடுக்கப்படும் பெட் படிமம் இதற்குத் தெளிவான சான்று. புற்றணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சுகின்றன என்பதை 1920-களில் ஓட்டோ வார்பர்க் காட்டினார். 1976-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எஃப்.டி.ஜி. முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. இந்த மூலக்கூறு செல்லுக்குள் நுழைந்து பாஸ்பேட் ஏற்றதும், மேற்கொண்டு சிதைவுறாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. எங்கே அதிகம் தங்குகிறதோ அங்கே படிமம் சுடர்கிறது. கோட்பாடு எளிது, சுண்டெலியில் செய்து பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆய்வக அறையின் 22 டிகிரி வெப்பம் நமக்கு இதமானது, சுண்டெலிக்கோ குளிர். குளிரும் எலி உடலைச் சூடாக்கப் பழுப்புக் கொழுப்பை எரிக்கிறது, அக்கொழுப்பும் எஃப்.டி.ஜி.யை வாரி உறிஞ்சுகிறது. தீனி தின்ற எலியின் இரத்தத்தில் குளுக்கோஸ் கூடியிருப்பதால் கட்டிக்குள் செல்லும் அளவு குறைகிறது. கீட்டமின், சைலசீன் கலவையால் மயக்கினால் இரத்தச் சர்க்கரை ஏறிவிடுகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இவற்றை முறையாக அளந்தது. பட்டினி, வெதுவெதுப்பு, ஐசோஃப்ளுரேன் மயக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்திய எலிகளில் கட்டி தெளிவாகப் பிரிந்து தெரிந்தது. எலியைக் கையாளும் விதம் மாறினாலே, ஸ்கேனர் மாறாமலேயே, எண்கள் மாறிவிடும் என்பதே இதன் பொருள்.

இந்தக் கட்டுப்பாடுகளைச் செய்பவர் யார்? புதிதாக ஆய்வில் சேர்ந்த மாணவர் அல்லர். கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றும் படிம விஞ்ஞானி. ஊசி போடுவதற்கு எவ்வளவு நேரம் முன்பே கூண்டைச் சூடாக்க வேண்டும், எஃப்.டி.ஜி.யில் உள்ள, 110 நிமிட அரைவாழ்வு கொண்ட ஃப்ளோரின்-18 எப்போது வந்துசேரும், அதற்குள் எத்தனை எலிகளை முடிக்கலாம் என்பனவெல்லாம் அவர் கணக்கு. ஆனால் கட்டணச் சீட்டில் பதிவாவது ஸ்கேனர் ஓடிய நேரம் மட்டுமே.

ஒளிர்வுப் படிமத்தில் ஆபத்து இன்னும் நுட்பமானது. மின்மினியின் லூசிஃபெரேஸ் நொதியைப் புற்றணுக்களில் புகுத்தி, லூசிஃபெரின் செலுத்தினால் கட்டி ஒளிரும். ஒளி குறைந்தால் கட்டி சுருங்கியது என்று முடிவுகட்டுவது வழக்கம். ஆனால் ஒளி தரும் அந்த வேதிவினைக்கு ஆக்சிஜன் வேண்டும், ஏ.டி.பி. வேண்டும், இரத்தத்தின் வழியே லூசிஃபெரினும் வந்துசேர வேண்டும். கட்டியின் இரத்தக் குழாய்களைத் தாக்கும் மருந்தைச் சோதிக்கும்போது இம்மூன்றும் ஒருசேரக் குறையக்கூடும். அணுக்கள் உயிரோடிருக்க, ஒளி மட்டும் மங்கும். அந்தப் படிமத்தை நம்பினால் பலனற்ற மருந்தும் வெற்றிபெற்றதாகத் தோன்றும். அனுபவமுள்ள ஒருவர் சோதனை தொடங்குமுன் எழுப்பும் ஒரே கேள்வி இந்தப் பிழையைத் தடுத்துவிடும். அப்படி ஒருவர் இல்லாத கூடத்தில் அந்தப் படிமம் அப்படியே கட்டுரையில் ஏறிவிடும். நுண்ணோக்கிகளிலும் இதே நிலைதான். லேசரின் திறன் மாதங்கள் செல்லச் செல்ல இறங்குகிறது. புலத்தின் நடுவும் ஓரமும் ஒரே பிரகாசத்தில் இருப்பதில்லை. ஒளிரும் நுண்மணிகளைக் கொண்டு ஒருவர் தவறாமல் சரிபார்த்து வந்தால்தான் சென்ற ஆண்டின் படிமத்தையும் இந்த ஆண்டின் படிமத்தையும் ஒப்பிட முடியும்.

இப்போது நிதியமைப்பைப் பார்ப்போம். அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனங்களின் எஸ்-10 நல்கை கருவி வாங்கும் செலவை ஏற்கிறது. அதை இயக்குபவரின் சம்பளத்தை ஏற்பதில்லை. கூட்டாட்சி அரசின் செலவு விதிகளோ, சிறப்புச் சேவைக்கூடங்களின் கட்டணம் உண்மையான பயன்பாட்டை ஒட்டியே இருக்க வேண்டும், மொத்தச் செலவை மட்டுமே ஈடுகட்ட வேண்டும், குறைந்தது ஈராண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட வேண்டும் என்கின்றன. அரசுப் பணத்தில் வாங்கிய கருவியின் தேய்மானத்தைக் கட்டணத்தில் சேர்க்கவும் இயலாது. பொதுப் பணத்தை இருமுறை வசூலிக்காமலிருக்க இவ்விதிகள் நியாயமானவை, ஐயமில்லை. ஆனால் இவற்றின் கூட்டு விளைவு ஒன்று உண்டு. பராமரிப்பு ஒப்பந்தமும் ஊழியர் சம்பளமும் பெருமளவு கருவி ஓடும் மணிகளிலிருந்து வந்தாக வேண்டியிருக்கிறது. மைய ஆதரவு நல்கை சம்பளத்தில் ஒரு பகுதியை ஏற்பது உண்மை. மீதிக்குக் கூடத்தின் பொறுப்பாளர் மணிகளைத்தான் நம்ப வேண்டும். 'இந்தச் சோதனைக்குப் படிமமே வேண்டாம், திசு வெட்டே போதும்' என்று நேர்மையாகச் சொல்லும் விஞ்ஞானி தம் கூடத்தின் வருவாயைத் தாமே குறைத்துக்கொள்கிறார். ஆய்வுக்கு இதைவிடப் பயனுள்ள ஆலோசனை அரிது. அதைத் தண்டிக்கும் ஏற்பாட்டை நாம் ஏற்றுக்கொள்ளலாகாது.

ஆலோசனைக்கும் தனிக் கட்டணம் வைத்தால் தீராதா என்று கேட்கலாம். தீராது. ஆலோசனை மிகுதியாகத் தேவைப்படுபவர் புதிய மாணவர், அல்லது முதல் நல்கைக்காக முன்னோடித் தரவு திரட்டும் இளம் ஆய்வாளர். கையில் பணம் குறைந்தவர்களும் அவர்களே. கட்டணம் என்றதும் முதலில் விலகிக்கொள்வார்கள். வசதியுள்ள பெருங்குழுக்கள் தம் சொந்தக் கருவிகளோடு தனித்துப் போனால் என்ன என்பது இன்னொரு கேள்வி. அப்போது ஒவ்வொரு குழுவும் தன் அளவுகோலால் மட்டும் அளந்துகொண்டிருக்கும். ஒரே மாதிரிப் பொருளை வைத்து அளவுத்திருத்தம் செய்த முடிவுகள் குழுக்களுக்கிடையே கிடைக்காமல் போகும்.

தானியங்கிப் பகுப்பாய்வு வந்துவிட்டதால் மனிதர் தேவை குறையும் என்ற நம்பிக்கை இப்போது வலுத்திருக்கிறது. புற்றுநோய்ப் படிமங்களைப் பொதுவில் தரும் 'கேன்சர் இமேஜிங் ஆர்கைவ்' என்னும் காப்பகத்திலுள்ள எல்.ஐ.டி.சி.-ஐ.டி.ஆர்.ஐ. தொகுப்பு இந்த நம்பிக்கைக்கு நல்ல சோதனை. அதில் 1,018 நுரையீரல் சி.டி. படிமங்கள் ஒவ்வொன்றையும் நான்கு கதிரியக்க மருத்துவர்கள் முதலில் தனித்தனியாகவும், பின்னர் மற்றவர்களின் குறிப்புகளைக் கண்டும் படித்தார்கள். 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலுமான முடிச்சு என்று ஒருவராவது குறித்தவை 2,669. நால்வரும் ஒருமித்துக் குறித்தவை 928 மட்டுமே. கணினிக்குப் பாடமாவது இந்தக் கருத்து வேறுபாடும்தான். அதை மறைக்காமல் பதிவுசெய்ததே அத்தொகுப்பின் மதிப்பு. அது மனித உழைப்பால் விளைந்தது. அவ்வுழைப்புக்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள்.

மாற்று வழிகள் நடைமுறையிலேயே உள்ளன. அமெரிக்காவின் ஜெனிலியா ஆய்வு வளாகத்தில் 2014-இல் தொடங்கிய மேம்பட்ட படிம மையம், மூர் அறக்கட்டளையின் துணையோடு, விலையால் அன்றி முன்மொழிவின் தரத்தால் வருகையாளரைத் தேர்ந்து கட்டணமின்றி இடம் தந்தது. சான் சக்கர்பெர்க் அமைப்பு 2019-இல் கூடங்களில் பணிபுரியும் படிம விஞ்ஞானிகளுக்கே நேரடியாக நல்கை வழங்கியது. இவ்விரண்டில் பின்னதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஜெனிலியாவைப் போன்ற செல்வவளம் எல்லா இடத்திலும் வாய்க்காது; ஒரு பணியிடத்துக்கு நிதி தருவது நடுத்தர மையங்களாலும் இயலும். ஐரோப்பாவில் 2019-இலேயே சட்ட வடிவம் பெற்ற யூரோ-பயோஇமேஜிங், பல நாடுகளின் கூடங்களை ஒரே நுழைவாயிலில் இணைத்தது.

இந்தியாவில் 2020-இல் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளம், அரசுப் பணத்தில் வாங்கிய கருவிகள் எங்கெங்கே உள்ளன என்பதைப் பிற ஆய்வாளர்களும் அறிய வழிசெய்தது. பூட்டிய அறைகளில் கிடந்த கருவிகள் வெளியே தெரிவது பெரிய முன்னேற்றம். அடுத்த படியாக, கருவிக்கு நல்கை கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதன் ஆயுட்காலம் முழுவதும் பணியாற்றப்போகும் படிம விஞ்ஞானியின் ஊதியம், பதவி உயர்வு வழி ஆகியவற்றைக் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். அப்பகுதி வெறுமையாக இருக்கும் விண்ணப்பத்துக்குக் கருவியும் வழங்கலாகாது. கூடங்களின் ஆண்டு மதிப்பீட்டில் ஓடிய மணிகளோடு, திருத்தப்பட்ட சோதனைத் திட்டங்களும் தவிர்க்கப்பட்ட ஸ்கேன்களும் பயிற்சி பெற்ற மாணவர்களும் எண்ணப்பட வேண்டும்.