அலிபிரி அடிவாரத்தில் 'இரட்சணிய யாத்திரிகம்'

திருப்பதியில் எந்தத் தெருவில் நின்றாலும் கண்ணில் படும் சொல் 'யாத்ரிகுலு'. தெலுங்கில் யாத்திரிகர்களைக் குறிப்பது. சித்தூரில் தமிழ் பேசும் வீட்டில் பிறந்து ஆய்வுக்காக இங்கே தங்கியிருக்கும் எனக்கு, பார்த்துப் பார்த்து அதன் பொருளே தேய்ந்துபோயிருந்தது. சென்ற மாதம் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' நூலை முதன்முறையாகக் கையில் எடுத்தபோதுதான் அச்சொல் மீண்டும் காதில் விழுந்தது.

ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 'கிறித்தவக் கம்பர்' யார் என்ற ஒருவரி வினாவுக்கு விடையெழுதி மதிப்பெண் பெற்றவன் நான். என் ஆய்வேட்டின் வரைவிலும் இந்நூலுக்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு. நூலைத்தான் படித்ததில்லை.

கிருஷ்ணபிள்ளை 1827இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். அவர் தழுவிய மூலம் ஜான் பன்யனின் 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்'. அதன் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. பன்யன் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துப் பிழைத்தவர். அனுமதியின்றிப் போதித்ததற்காகப் பெட்போர்டுச் சிறையில் பல்லாண்டுகள் கிடந்தவர். அவருடைய உரைநடை குடிசை வீட்டிலும் வாசிக்கத் தக்கது. கிருஷ்ணபிள்ளையோ அதனை ஆதி பருவம் தொடங்கி இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்களில் 3766 பாடல்களாக்கினார். 'நற்போதகம்' இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894 மே மாதம் நூலுருப் பெற்றது. எளியோர் கையிலிருந்த நூல், தமிழில் புலவர் அவைக்குரிய காப்பியமாயிற்று. உரைநடை மொழிபெயர்ப்புகள் தனியே இருந்தன என்றாலும், அந்தப் பாத்திரக்காரரின் பேச்சு இங்கே கேட்கவில்லையே என்ற சிறு குறை எனக்கு உண்டு.

ஆனால் மொழியியல் மாணவனைப் பிடித்து நிறுத்துவது வேறு. 'இரட்சணியம்' என்ற தலைப்புச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதனைக் கிறித்தவத்துக்குக் கொணர்ந்தவர் அவரல்லர். விவிலிய மொழிபெயர்ப்புகளில் 'இரட்சகர்', 'இரட்சிப்பு' ஆகியவை முன்பே நிலைபெற்றவை. எனினும் வைணவ வீட்டில் வளர்ந்த காதுக்கு அது அயற்சொல்லாக ஒலித்திருக்க இயலாது. பிள்ளை லோகாசாரியரின் 'முமுட்சுப்படி' பிரணவத்தின் அகாரத்துக்குக் காத்தல் என்றே பொருள் விரிக்கிறது. சமயம் மாறியவர் தம் சொல்லைப் பழைய வீட்டிலேயே விட்டுவந்தார் என்று இனி என்னால் எழுத முடியாது. 'கிறித்தவக் கம்பர்' என்ற பட்டம் யாப்பையும் வருணனையையும் புகழ்கிறது. இந்தச் சொற்பயணத்தை மறைத்துவிடுகிறது.

இதனினும் வியப்பு ஒன்று. காப்பியத்தின் இடையிடையே வரும் இசைப்பாடல்களுக்கு அவர் இட்ட பெயர் 'தேவாரம்'. வைணவராகப் பிறந்து கிறித்தவரானவர், சைவத்தின் சொல்லை எடுத்துத் தம் வழிபாட்டுப் பாடலுக்குச் சூட்டுகிறார். முகவுரை தேடினேன், விளக்கம் தேடினேன். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டுப் பாடல்களை வாய்விட்டுப் படித்தேன். பக்தித் தமிழ் என்பது மூன்று தனித்தனிக் கிணறுகள் என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

நேற்று மாலை அலிபிரிக்குச் சென்றிருந்தேன். மலையேறுவோர் தம் மூட்டைகளை அடிவாரத்தில் ஒப்படைத்துவிட்டுக் கைவீசிப் படியேறினர். மூட்டைகள் வண்டியில் மேலே போய்ச் சேர்ந்துவிடும். பன்யனின் பயணிக்கு அந்த வசதி இல்லை. அவன் முதுகுச் சுமை சிலுவையின் முன்தான் தானாக அவிழ்ந்து விழும்.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஓர் அட்டவணை உண்டு: சைவம், வைணவம், கிறித்தவம் என மூன்று பத்திகள், ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய சொற்கள். நெறியாளரிடம் அதனை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. 'தேவாரம்' இப்போது முதற்பத்தியிலும் மூன்றாம் பத்தியிலும் இருக்கிறது. 'இரட்சணம்' இரண்டிலும் மூன்றிலும். இன்று காலை பத்திகளுக்கிடையே இருந்த கோடுகளை அழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.