நீலச் சுட்டியும் ஜோகுபாளையத்துத் தாத்தாவும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. வெளியே ஐந்தோவனின் வழக்கமான தூறல். பதினொரு வயதுப் பையன் நிரல் எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்று ஏதோ ஒரு ஆவணத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் சலிப்போடு கூப்பிட்டான். "அம்மா, எதைப் படிச்சேன், எதைப் படிக்கலைன்னே தெரியலை. எல்லாம் ஒரே கலர்ல இருக்கு."

எட்டிப் பார்த்தேன். படிக்காத சுட்டிகள் நீலம், படித்தவை ஊதா. பளிச்சென்று தெரிகிறது. "ஊதால இருக்கறதெல்லாம் படிச்சதுடா" என்றேன். "எல்லாமே ஊதாதான்" என்றான். நம்மில் பலர் நீலத்தையே ஊதா என்பதுண்டு, வார்த்தைக் குழப்பம் போல என்று நினைத்து, "கத்தரிப்பூ கலர் எது, காட்டு" என்றேன். காட்டத் தெரியவில்லை.

மறு வாரம் கண் பரிசோதனைக்குப் போனோம். புள்ளி புள்ளியாக எண்கள் மறைந்திருக்கும் அட்டைகளைப் புரட்டிக் காட்டினார்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட சோதனை, இன்றும் அதே புள்ளிகள்தான். பையனுக்குப் பாதிக்கு மேல் எண்கள் தெரியவில்லை. சிவப்பை உணரும் செல்களில் குறை. சிவப்பு அவனுக்கு மங்கிக் கறுத்துத் தெரியும். ஊதாவில் இருக்கும் சிவப்பு கண்ணில் சேராததால் ஊதாவும் நீலமும் ஒன்றாகிவிடும். சோதித்த அம்மாள் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் அப்பாவுக்கு இப்படி உண்டா?"

இந்தக் குறைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவுக்கு இருந்தால் அது எல்லா மகள்களுக்கும் போகும். மகளுக்கு நல்ல எக்ஸ் இன்னொன்று இருப்பதால் அவளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அவளுடைய ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாய்வழித் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு, நடுவில் அம்மா வெறும் தபால்காரி.

அன்று ராத்திரியே ஜோகுபாளையத்துக்குப் போன் போட்டேன்.

ஊர் தெரியாதவர்களுக்கு: பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டியிருக்கும் பகுதி. 1809-ல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது சென்னை ராணுவத்தோடு வந்த தமிழர்கள் இந்தப் பக்கமெல்லாம் குடியேறினார்கள். இன்றும் தெருவில் பாதிப் பேச்சு தமிழ்தான், நடுநடுவே "ஸ்வல்ப" கன்னடம் கலந்து.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார். "1972-ல ரயில் ஓட்டற வேலைக்குப் பரீட்சை எழுதினேன் பாப்பா. பாஸ் பண்ணிட்டேன். மெடிக்கல்ல இந்தப் புள்ளிப் புத்தகத்தைத்தான் காட்டினாங்க. எனக்கு நம்பரே தெரியலை. வீட்டுல உங்க தாத்தா கிட்ட பரீட்சையிலே போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். கண்ணுல குறைன்னு தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களா?"

ஐம்பது வருஷத்துக்கு மேல் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு அந்தச் சோதனை வைத்ததில் நியாயம் இல்லாமலில்லை. 1875-ல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. அதன் பிறகு ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர் வண்ணக் கம்பளி நூல்களைப் பிரிக்கச் சொல்லி ரயில் ஊழியர்களின் கண்களைச் சோதிக்க ஆரம்பித்தார். அந்த வழக்கம் உலகமெல்லாம் பரவியது. என்னைக் குத்தியது வேறு விஷயம். நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. 2011-ல் அல்சூர் வழியாக மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, அந்தத் தடத்துக்குப் பெயரே ஊதாத் தடம். அப்பா இன்றுவரை "நீல வண்டி" என்றுதான் சொல்கிறார். நாங்களும் சிரித்துச் சிரித்துத் திருத்திக்கொண்டிருந்தோம்.

அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். என் பிழைப்பே மென்பொருள் ஆவணங்கள் எழுதுவதுதான். இத்தனை வருஷம் இதைத் தேடிப் பார்க்காதது வெட்கம்தான்.

நீலம் வந்த கதை

1990-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் உலாவியை எழுதினார். அவர் பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினியின் திரை கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டுமே காட்டும். ஆகவே சுட்டிக்கு அடிக்கோடுதான் அடையாளம். அந்த உலாவியில் எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் படிக்கிறவரே தேர்ந்துகொள்ளலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்பே, 1980களில், மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மேனும் அவருடைய மாணவர்களும் சுட்டிகளுக்கு நிறம் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். சிவப்பு நன்றாகக் கண்ணில் படுகிறது, ஆனால் படித்தது மனதில் நிற்பதில்லை. நீலம் தெரியவும் செய்கிறது, படிப்பைக் கெடுப்பதுமில்லை. இதுதான் அவர்கள் கண்டது.

1993-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் உலாவிதான் நீலத்தை உலகமெல்லாம் கொண்டுபோனது. படிக்காத சுட்டி நீலம், அதற்கு முழு அடிக்கோடு. படித்த சுட்டி கருஞ்சாயல் ஊதா, அதற்கு விட்டுவிட்ட அடிக்கோடு. அதாவது நிறத்தோடு கோட்டின் வடிவமும் மாறியது. என் பையன் 1993-ல் இருந்திருந்தால் அவனுக்கு எந்தச் சிக்கலும் இல்லை! பின்னால் வந்தவர்கள் நிறத்தை வைத்துக்கொண்டு கோட்டை விட்டுவிட்டார்கள்.

1995 வாக்கில் நெட்ஸ்கேப், சுட்டியின் நிறத்தைப் பக்கம் எழுதுகிறவரே முடிவு செய்ய வழி கொடுத்தது. அதற்குப் பிறகு மஞ்சள் பின்னணியில் பச்சைச் சுட்டி, கறுப்பில் சிவப்பு என்று எல்லோரும் ரங்கோலி போட்டோம். நானும்தான் :-)

யார் சொல்வது செல்லும்?

நிறத்தை முடிவு செய்வது எழுதுகிறவரா, படிக்கிறவரா? இந்தக் கேள்வியை நேராகக் கையில் எடுத்தவர் நார்வேக்காரர் ஹோகன் லீ. 1994 அக்டோபர் 10 அன்று செர்னிலிருந்து அவர் வெளியிட்ட யோசனைதான் பின்னாளில் சி.எஸ்.எஸ். ஆனது. எழுதுகிறவரின் விருப்பமும் படிக்கிறவரின் விருப்பமும் அருவிபோல ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலக்க வேண்டும் என்பது அதன் கரு. யாருக்கு எத்தனை சதவீதம் உரிமை என்று குறிக்கக்கூட அந்த யோசனையில் இடமிருந்தது.

1996 டிசம்பரில் வந்த முதல் பதிப்பில், இருவரும் "இது முக்கியம்" என்று அடித்துச் சொன்னால் எழுதுகிறவர் சொல்வதே செல்லும். 1998 மே மாதம் வந்த இரண்டாம் பதிப்பு அதைத் தலைகீழாக மாற்றியது. படிக்கிறவர் முக்கியம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. கண் அவருடையது அல்லவா?

1997-ல் வந்த எச்.டி.எம்.எல். நான்காம் பதிப்பு, ஒரே பக்கத்துக்குப் பல உடைகள் தைத்து வைக்கவும் இடம் கொடுத்தது. பெரிய எழுத்து, அதிக வேறுபாடு என்று எதை வேண்டுமானாலும் படிக்கிறவர் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஃபயர்பாக்ஸ் அதற்கு ஒரு பட்டியல் வைத்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வெகு நாள் வைக்கவில்லை, பின்னால் வந்த குரோம் வைக்கவே இல்லை. ஆகவே ஒவ்வொரு தளமும் தானே பொத்தான் செய்து ஒட்டிக்கொண்டது. நம் ஊர் அரசுத் தளங்களின் தலையில் எழுத்தைப் பெரிதாக்க, சிறிதாக்க, கறுப்புப் பின்னணிக்கு மாற்ற என்று இருக்கும் பொத்தான்கள் அந்த வம்சம்தான். 2019-ல் பெரிய உலாவிகள், படிக்கிறவர் தன் கணினியில் இருட்டு, வெளிச்சம் எதைத் தேர்ந்திருக்கிறார் என்பதைத் தளத்துக்குச் சொல்ல ஆரம்பித்தன. ஆவணத் தளங்களில் இப்போது தெரியும் சூரியன், நிலாப் படங்கள் அப்படி வந்தவை.

தமிழர்களுக்கு இந்தத் தேர்வு ரொம்பப் பழக்கம். 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ஒரே நூல் திஸ்கியில் ஒன்று, யூனிகோடில் ஒன்று, பி.டி.எஃப். ஆக ஒன்று என்று கிடைக்கும். உங்கள் கணினியில் எது தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். ஒரு ரூபாய்கூட வாங்காமல், படிக்கிறவரின் வசதியை முதலில் நினைத்தவர்கள்.

என் தப்பு

இனி அந்த மோசமான விஷயம். 2004. பெங்களூரில் ஒரு கம்பெனியில் தமிழ், கன்னட உதவிப் பக்கங்கள் செய்துகொண்டிருந்தோம். அடிக்கோடு போட்டால் சு, பு போன்ற எழுத்துகளின் கீழே வரும் வளைவை வெட்டிவிடும். கன்னட ஒத்தெழுத்துகளுக்கும் அதே கதி. புகார் நியாயமானது. அதற்கு நான் சொன்ன தீர்வு: அடிக்கோட்டை எடுத்துவிடுவோம், சுட்டிக்கு அடர் சிவப்பு கொடுப்போம். எல்லோரும் கைதட்டினார்கள்.

பெருமையாக வீட்டில் அப்பாவுக்குக் காட்டினேன். கறுப்பு எழுத்துக்கு நடுவே அடர் சிவப்பு. அவர் கண்ணுக்கு இரண்டும் கறுப்பு. "எதை அழுத்தறது பாப்பா?" என்றார். "சிவப்பா இருக்கே, தெரியலையா?" என்றேன். மூன்றாவது தடவை பொறுமை போய், "கம்ப்யூட்டர் உங்களுக்கு வராதுப்பா, விடுங்க" என்று சொல்லிவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து ஏரிப்பக்கம் நடக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு வெகு நாள் கணினிப் பக்கமே வரவில்லை.

நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதே என்று வலைக்கூட்டமைப்பின் அணுகல் நெறிகள் 1999-லேயே சொல்லிவிட்டன. ஐந்து வருஷப் பழைய விதி. நான் படித்திருக்கவில்லை.

அடிக்கோட்டுச் சிக்கல் பிற்பாடு தானாகவே தீர்ந்தது. இப்போதைய உலாவிகள் எழுத்தின் வளைவு வரும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டு வரைகின்றன. குரோம் 2018-லும் ஃபயர்பாக்ஸ் 2019-லும் இதைச் செய்தன. கோட்டைக் கொஞ்சம் கீழே தள்ளவும் முடியும். தமிழில் அடிக்கோடு வேண்டாம் என்பதற்கு இனிக் காரணம் இல்லை.

படித்த சுட்டிக்கு வேறொரு முட்டுக்கட்டை. நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதை, சுட்டியின் தோற்றத்தை வைத்தே பிற தளங்கள் உளவு பார்த்துவந்தன. 2010-ல் மொசில்லாவின் டேவிட் பேரன் அந்தப் பொத்தலை அடைத்தார், மற்ற உலாவிகளும் பின்பற்றின. அதன் விளைவாக, படித்த சுட்டிக்கு நிறத்தை மட்டும்தான் மாற்றலாம். மொசைக்கின் அந்த விட்டுவிட்ட கோட்டை இன்று போட வழியில்லை.

ஆனால் ஓர ஓட்டை ஒன்று இருக்கிறது. எல்லாச் சுட்டிக்கும் அடியில் பக்கத்தின் வெள்ளை நிறத்திலேயே இன்னொரு கோடு போட்டு வைக்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது. படித்த பிறகு அந்தக் கோட்டின் நிறத்தை மட்டும் கறுப்பாக்க வேண்டும். படிக்காததற்கு ஒற்றைக் கோடு, படித்ததற்கு இரட்டைக் கோடு. விதியையும் மீறவில்லை, யாரும் உளவு பார்க்கவும் முடியாது.

போன வாரம் இப்படி ஒரு பக்கம் செய்து பையனிடம் காட்டினேன். ஒரு நொடியில் சரியாகப் பிரித்துச் சொன்னான். அதையே ஜோகுபாளையத்துக்கும் அனுப்பினேன். வீடியோவில் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "இது ரெட்டைக் கோடு, படிச்சாச்சு. இது ஒத்தைக் கோடு." பிறகு பேரனிடம், "உனக்கும் அந்த மெட்ரோ நீலமாத்தானே தெரியும்?" என்றார். "ஆமா தாத்தா" என்றான் இவன். இருவரும் சிரித்தார்கள். 2004-க்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கே?" என்றார். அவருக்கும் ஞாபகம் இருக்கிறது என்று தெரிந்தது.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சைக் குறை உண்டு. நம்மவர்களிலும் இல்லாமல் இல்லை. சாக்பீஸ் நிறம் மாற்றி எழுதினால் தடுமாறும் பையன், வரைபடத்தில் நாடுகளைக் குழப்பும் பையன் உங்கள் வீட்டில் இருந்தால் திட்டுவதற்கு முன் ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். அப்படியே ஊருக்கு ஒரு போன் போட்டு, அம்மாவின் அப்பாவிடம் மெதுவாகக் கேளுங்கள்.