சிலம்பும் செங்கோலும்

தமிழ் பயிலும் மாணவர் எவரும் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை ஏதேனும் ஒரு வகுப்பில் எதிர்கொள்ளாதிருத்தல் அரிது. அருஞ்சொற்பொருள் எழுதி, இலக்கணக் குறிப்பு வரைந்து, தேர்வு முடிந்ததும் அதனை மறந்துவிடுவோரே பலர். ஆயின், அந்நூல் தேர்வுக்கென எழுந்ததன்று. தமிழர்தம் அரசியலையும் அறத்தையும் இல்வாழ்வையும் ஒருங்கே காட்டும் வரலாற்றுக் கண்ணாடி அது. ஆதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இளங்கோவடிகள் இயற்றிய இக்காப்பியம் புகார், மதுரை, வஞ்சி என்னும் மூன்று காண்டங்களையும் முப்பது காதைகளையும் உடையது. இதன் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்பர் ஒரு சாரார். 5ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர் மற்றொரு சாரார். செங்குட்டுவன் எடுத்த விழாவிற்கு இலங்கைக் கயவாகு மன்னன் வந்திருந்தான் என நூல் கூறுவதே முன்னவர் கொள்கைக்குத் தலையாய சான்று. பொதுமக்களிடையே கோவலன் கதை கூத்தாகவும் கதைப்பாட்டாகவும் வழங்கிவந்தது. மூலநூலோ ஏட்டுச் சுவடிகளில் உறங்கிக் கிடந்தது. டாக்டர் உ.வே. சாமிநாதையரவர்கள் ஊர்தோறும் சுவடி தேடி, பாடங்களை ஒப்புநோக்கி, அடியார்க்குநல்லார் உரையுடன் 1892ஆம் ஆண்டில் அதனை அச்சேற்றினார்கள். நம் பிள்ளைகள் இன்று கையிலேந்தும் பாடம் அவ்வுழைப்பின் பயனேயாம்.

இனி, நூலின் பெயருக்கே காரணமாகிய சிலம்பினை நோக்குவோம். கணவன் பிரிந்த காலத்துக் கண்ணகியின் கால்கள் சிலம்பினை அணியவில்லை. அப்போது அது பிரிவின் அடையாளம். பொருளிழந்து திரும்பிய கோவலனிடம் சினவாது, சிலம்பு இருக்கின்றது, கொள்க என்கிறாள்; அப்போது அது மனையாளின் அன்பிற்கு அடையாளம். மதுரைக் கடைத்தெருவில் பொற்கொல்லன் சூழ்ச்சியால் அதுவே களவின் சான்றாகக் காட்டப்படுகிறது. அரசவையில் உடைந்து மாணிக்கம் தெறித்தபோது உண்மையின் சான்றாகிறது. பொருள் ஒன்றே, அதனைக் காண்போர் கண்ணே வேறுபடுகின்றது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்னும் இச்சிறு வேற்றுமையை முன்னரே உசாவி அறிந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும்.

கோப்புகளிடையே நாள் கழிக்கும் நம்மனோர்க்கு இவ்விடம் நன்கு விளங்கும். சரக்கு ஒன்றினை உரியவரிடம் ஒப்படைக்குமுன் ரசீதைப் பார்க்கிறோம், முத்திரையைப் பார்க்கிறோம், பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். பாண்டியனோ, ஊடிய தேவியைத் தணிவிக்கச் செல்லும் விரைவில், கோவலனை அழைத்துக் கேளாமலே கொலைக்கு ஆணையிட்டான். கொடுங்கோலன் அல்லன் அவன். ஒரு கணம் ஆராயாதவன். தன் தவறு தெரிந்த மாத்திரத்தில் தானே கள்வன் என்று கூறி உயிர் துறந்தமையின், அவன் இறப்பிலே நிமிர்ந்தது செங்கோல்.

பாத்திரங்களின் மாற்றமும் கருதத்தக்கது. செல்வச் செருக்கில் திரிந்த கோவலன், கவுந்தியடிகளுடன் நடந்த நெடுவழியில் தன் பிழைக்கு வருந்தும் மனிதனாகிறான். ஆடலரசி மாதவி, அவன் இறந்தது கேட்டுத் துறவு பூணுகிறாள். புகாரில் சில சொற்களே பேசிய கண்ணகி, மதுரையில் வேந்தனையே வினவி நிற்கிறாள். இம்மாற்றம் திடீரென எழுந்ததன்று. கணவன் வேண்டித் தெய்வந் தொழுமாறு தேவந்தி கூறியபோது, அது பெருமையன்று என மறுத்த உறுதி அவளிடம் முன்னரே இருந்தது. அவள் மௌனத்தை அச்சமெனக் கொள்வது பிழை.

மதுரை எரிந்தது அறமா என நம் இளைஞர் வினவுதல் இயல்பே. அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்குமாறு கண்ணகி தீக்கடவுளைப் பணித்ததாக நூல் கூறும். எனினும், ஏனையோர் அழிந்த துயரத்தை அது மறைக்கவில்லை. ஆள்வோன் பிழை ஆளப்படுவோரையும் சுடும் என்பதே அத்தீயின் குறிப்பென நாம் கருதுகிறோம். வஞ்சிக் காண்டத்திலோ, தெய்வமாகிய கண்ணகி பாண்டியன் குற்றமற்றவன் எனக் கூறி அவனுக்குத் தன்னை மகளாக்கிக் கொள்கிறாள். சினத்தில் தொடங்கியது பொறையில் முடிகிறது. மதுரைக் காண்டத்தோடு நூலை மூடிவிடுவோர் இதனைக் காணார்.

வடபுலத்தில் வாழும் நமக்கு வஞ்சிக் காண்டத்தில் மற்றொரு தொடர்பும் உண்டு. செங்குட்டுவன் கண்ணகி படிமத்திற்கு இமயத்தினின்று கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டினான். தோற்ற கனகன், விசயன் ஆகியோர் முடிமேல் அது ஏற்றப்பட்டது என்கிறது காப்பியம். போர்ச்செய்தி முழுவதும் வரலாறெனக் கொள்ள ஆய்வாளர் பலர் தயங்குவர். ஆயினும், கங்கையும் இமயமும் தமிழ்ப் புலவனின் உள்ளத்திற்கு அயலிடங்கள் அல்ல என்பது ஐயமின்றித் தெளிவாகிறது.

எனவே, பெற்றோர்களே! உங்கள் மக்கள் இப்பாடத்தை உருப்போடும்போது அருகமருங்கள். கோவலனுக்கு ஒரு சொல் பேச வாய்ப்பளித்திருந்தால் என்னவாயிருக்கும் என்று கேளுங்கள். பள்ளியில் தமிழ்ப்பாடம் கிடைக்காத வீடுகளில் கதையாகவேனும் சொல்லுங்கள். கேட்டு ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் பண்பு வீட்டில் வேரூன்றின், நாட்டில் செங்கோல் வளையாது. வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!