பார்க்கிறதுக்கு மட்டும் காசு: ஒரு வாக்குறுதியின் கதை

இன்றைய பகுதியில் நாம் பேசப்போவது எல்லார் வீட்டிலும் மாதாமாதம் வருகிற ஒரு எரிச்சலைப் பற்றி. கேபிளுக்கு ஒரு காசு, ஓடிடிக்கு ஒரு காசு, போன் ரீசார்ஜுக்கு ஒரு காசு. "நான் பார்க்கிறது நாலு சேனல், எதுக்கு இத்தனைக்கும் கட்டணும்?" என்று கேட்காத வீடு இருக்காது. இந்தக் கேள்விக்கு அரசாங்கம் 20 வருடத்தில் மூன்று தடவை பதில் சொல்லியிருக்கிறது. மூன்று தடவையும் வாக்குறுதி ஒன்றுதான்: பார்க்கிறதுக்கு மட்டும் காசு கொடுங்கள். அப்புறமும் பில் ஏன் குறையவில்லை?

முதலில் 90-கள். 1991 வளைகுடாப் போரின்போது சிஎன்என் நேரடி ஒளிபரப்பு, அதே வருடம் ஸ்டார் டிவி. மொட்டை மாடியில் பெரிய டிஷ் வைத்து, தெருவில் கறுப்பு ஒயர் இழுத்து, வீட்டுக்கு வீடு கனெக்‌ஷன் கொடுத்தார்கள். 1993 ஏப்ரல் 14-ஆம் தேதி சன் டிவி வந்தது. இதற்கென்று ஒரு சட்டம் வந்ததே 1995-ல்தான். அதற்குள் தெருவுக்கு ஒரு கேபிள்காரர் இருந்தார். மாசம் ஒரு தொகை, எல்லாச் சேனலும் வரும். கணக்கு சுலபம்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. கேபிள்காரரிடம் எத்தனை கனெக்‌ஷன் இருக்கிறது என்று சேனல்காரருக்குத் தெரியாது. 1,000 வீடு இருந்தால் 200 என்று சொல்லலாம். சேனல்கள் ஒவ்வொன்றாகக் கட்டணச் சேனல்களாக மாறியபோது இது சண்டையானது. கேபிள்காரர் கணக்கை மறைக்கிறார் என்றது ஒரு தரப்பு. சேனல்காரர் வருடா வருடம் விலை ஏற்றுகிறார் என்றது இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை இருந்தது. பில் வந்தது மட்டும் நம் வீட்டுக்கு.

இதற்குத் தீர்வாகத்தான் 2002 டிசம்பரில் கேபிள் சட்டத்தைத் திருத்தினார்கள். திட்டத்தின் பெயர் சிஏஎஸ். மின்சார மீட்டர் மாதிரி வீட்டுக்கு வீடு ஒரு செட்டாப் பாக்ஸ். இலவசச் சேனல்கள் பாக்ஸ் இல்லாமலே வரும், அதற்கு வரி நீங்கலாக மாசம் 72 ரூபாய். கட்டணச் சேனல் வேண்டுமென்றால் பாக்ஸ் வாங்கி, வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். நான்கு பெருநகரங்களில் தொடங்குவதாகத் திட்டம். டெல்லியில் 2003 கடைசியில் சட்டமன்றத் தேர்தல். டிவி பில்லில் கைவைக்க யாருக்கு மனசு வரும்? டெல்லி, மும்பை, கொல்கத்தா மூன்றிலும் தள்ளிப்போனது. 2003 செப்டம்பர் 1-ஆம் தேதி சென்னையில் மட்டும் வந்தது, நீடித்தும் நின்றது.

சென்னைக்காரர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலானவர்கள் பாக்ஸே வாங்கவில்லை! தமிழில் அதிகம் பார்க்கப்பட்ட சேனல்கள் பாக்ஸ் இல்லாமலே கிடைத்தன. அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் செலவு செய்ய ஆள் குறைவு. இந்தக் கதையில் இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வீட்டில் டிவி பார்க்க முடிந்த ஒரே கட்டம் இது.

2004 ஜனவரியில் கேபிள் துறை டிராய் கைக்கு வந்தது. வந்தவுடன் டிராய் செய்தது விலையை உறைய வைத்தது. 2003 டிசம்பர் 26 அன்று என்ன விலையோ, அதுதான் உச்சம். பிறகு நீதிமன்ற உத்தரவால் மற்ற மூன்று நகரங்களின் சில பகுதிகளிலும் 2006 டிசம்பர் 31 முதல் சிஏஎஸ் வந்தது. அப்போது கட்டணச் சேனல் ஒன்றுக்கு அதிகபட்சம் 5 ரூபாய் என்றும், இலவசத் தொகுப்புக்கு 77 ரூபாய் என்றும் விலை வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் இதே காலத்தில் வேறொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. அரசாங்கமே கேபிள்காரர் ஆவது. 2007-ல் கருணாநிதி ஆட்சியில் அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. மாறன் சகோதரர்களோடு கருணாநிதி குடும்பத்துக்கு விரிசல் ஏற்பட்ட வருடம் அது. 2008 கடைசியில் குடும்பம் ஒன்றுசேர்ந்தது, அரசு கேபிளும் படுத்துக்கொண்டது. 2011-ல் ஜெயலலிதா அதை மறுபடி எழுப்பினார். மாசம் 70 ரூபாய், 90 சேனல். விலை நிஜமாகவே குறைவு. ஆனால் முக்கியமான கட்டணச் சேனல்கள் பல ஆரம்பத்தில் அதில் இல்லை. ஒயர் அரசாங்கத்துடையதாக இருக்கலாம், அதில் ஓடுகிற நிகழ்ச்சி இன்னொருவருடையது. ஒயரின் விலையைக் குறைத்தால் மட்டும் போதாது என்று தமிழ்நாடு அப்போதே பார்த்துவிட்டது.

2012-லிருந்து டிஜிட்டல் மாற்றம் கட்டாயமானது. கட்டம் கட்டமாக நாடு முழுக்க பாக்ஸ் வந்தது. ஆக, 2002-ல் கேட்ட மீட்டர் ஒருவழியாக வீட்டுக்கு வந்துவிட்டது. மீட்டர் வந்தும் மீட்டர்படி பில் வரவில்லை. பழையபடி பேக்கேஜ்தான்.

இங்கேதான் மூன்றாவது முயற்சி. 2017 மார்ச்சில் டிராய் புதிய கட்டண விதிகளை அறிவித்தது. ஒவ்வொரு சேனலுக்கும் தனி விலை, எம்ஆர்பி மாதிரி வெளிப்படையாக. 19 ரூபாய்க்கு மேல் விலை வைக்கிற சேனலைப் பேக்கில் சேர்க்கக் கூடாது. அதில் இன்னொரு சின்ன விதியும் இருந்தது. பேக்கின் விலை, உள்ளே இருக்கிற சேனல்களின் தனி விலைக் கூட்டுத்தொகையில் 85 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதாவது 15 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கிடையாது.

"தள்ளுபடியை ஏன் தடுக்கணும், நல்லதுதானே?" என்று தோன்றும். இதுதான் இந்தக் கதையின் முடிச்சு. ஒரு கணக்குப் போடுவோம். உங்களுக்கு வேண்டியது 3 சேனல், ஒவ்வொன்றும் 19 ரூபாய். மொத்தம் 57. அதே 3 சேனலோடு நீங்கள் பார்க்காத 12 சேனலைச் சேர்த்து, பேக்காக 45 ரூபாய்க்குக் கொடுத்தால் எதை வாங்குவீர்கள்? பேக்கைத்தான். அப்போது தனி விலை என்பது யாரும் வாங்குவதற்காக வைத்த விலை இல்லை. பேக்கை மலிவாகக் காட்டுவதற்காக வைத்த விலை. தேர்வு செய்கிற உரிமை காகிதத்தில் இருக்கும், கையில் இருக்காது. அந்த 15 சதவீத விதி இதைத் தடுக்கத்தான்.

ஸ்டார் இந்தியாவும் விஜய் டிவியும் இந்த விதிகளை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2018 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு கொடுத்தார்கள். மூன்றாவது நீதிபதியிடம் போய், விதிகள் செல்லும் என்று முடிவானது. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் 15 சதவீத வரம்பு மட்டும் சென்னையிலேயே செல்லாது என்று போய்விட்டது. வண்டி வந்தது, பிரேக் இல்லாமல்.

2019 பிப்ரவரி 1 முதல் புதிய முறை. முதல் 100 சேனலுக்கு நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. ஒரு கட்டணச் சேனல்கூடப் பார்க்காமலே இந்தத் தொகை. 70 ரூபாய்க்கு அரசு கேபிள் பார்த்த ஊரில் இது எப்படி இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சன் டிவி, கேடிவி போன்ற முன்னணிச் சேனல்கள் சரியாக 19 ரூபாயில் வந்து நின்றன. உச்ச வரம்பு என்று சொன்னது, வைக்க வேண்டிய விலையாகிவிட்டது. பேக்குகளில் 70 சதவீதம் வரை தள்ளுபடி கொடுக்கிறார்கள் என்று அதே வருடம் டிராயே சொன்னது. சேனல் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு அவர்கள் சார்பில் ஒரு 'பொருத்தமான திட்டத்தை' ஆபரேட்டரே போட்டுவிடலாம் என்றும் ஏற்பாடு செய்தார்கள். தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கொடுத்த விதி, கடைசியில் நமக்காகத் தேர்ந்தெடுத்தும் கொடுத்தது.

அப்புறம் திருத்தத்துக்கு மேல் திருத்தம். 2020 ஜனவரியில் 19 ரூபாயை 12 ஆக்கி, 130 ரூபாய்க்கு 200 சேனல் என்றார்கள். மறுபடி வழக்கு. 2022 நவம்பரில் 12 திரும்பவும் 19 ஆனது. பேக் தள்ளுபடி வரம்பு 45 சதவீதம்.

இந்த இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதே ஜனங்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். 2016-ல் நெட்ஃபிளிக்ஸ், ஜியோ, பிரைம் வீடியோ மூன்றும் இங்கே வந்தன. போட்டி இருந்தவரை லாபம் நமக்கு. 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தன் 499 ரூபாய் திட்டத்தை 199 ஆகக் குறைத்தது. 2023 ஐபிஎல் ஜியோசினிமாவில் இலவசம். பிறகு காற்று மாறியது. 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் போன் கம்பெனிகளும் கட்டணத்தை ஏற்றின. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகின. அந்த ஜூனிலிருந்து, காசு கட்டிப் பார்க்கிற பிரைம் வீடியோவிலேயே விளம்பரம்.

பேக்கும் திரும்பி வந்துவிட்டது, இந்தத் தடவை போன் ரீசார்ஜுக்குள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் ஓடிடி பற்றிப் புகார் சொல்ல மூன்று அடுக்கு ஏற்பாடு உண்டு. அது என்ன காட்டுகிறார்கள் என்பதற்கு. என்ன விலைக்கு விற்கிறார்கள், எதோடு சேர்த்து விற்கிறார்கள் என்பதற்கு டிராய் சேனல்களுக்குப் போட்டது போன்ற விதி இல்லை.

டேட்டாவே பயன்படுத்தாத பெரியவர்கள் டேட்டாவுக்கும் சேர்த்துக் கட்டுகிறார்களே என்று, பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டம் தர வேண்டும் என 2024 டிசம்பரில் டிராய் விதி போட்டது. 2002-ல் கேட்ட அதே கேள்விதான், சேனலுக்குப் பதில் போன். வந்த திட்டங்கள் என்ன? 84 நாள், 365 நாள் என்று நீளமானவை. தனியாக வாங்கலாம், ஆனால் மொத்தமாகக் கட்டணும்.

அதனால் அடுத்த தடவை "இனி வேண்டியதை மட்டும் வாங்கலாம்" என்று ஒரு அறிவிப்பு வந்தால், தனி விலை என்ன என்று மட்டும் பார்க்காதீர்கள். அதைப் பேக் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறதா, அந்த வரம்பு நீதிமன்றத்தைத் தாண்டி நிற்குமா என்று கேளுங்கள். 20 வருடமாக ஆட்டம் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இன்னொன்று. தனித்தனியாகச் சேனல் வாங்குகிற உரிமை இன்றைக்கும் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் கேபிள்காரரிடமோ டிடிஎச் கம்பெனியிடமோ "பேக் வேண்டாம், இந்தச் சேனல் மட்டும் போதும்" என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தவர்கள், என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.