மூன்று அவத்தைகள் கூடும் புள்ளி: திரவப் பளிங்குக் கலவைகளிலிருந்து பெங்களூர் அமுக்கப் பரிசோதனை வரை

1888இல் தாவரவியலாளர் பிரீட்ரிக் றைனிற்சர் கொலெஸ்ரரைல் பென்சோவேற்றைச் சூடாக்கியபோது, அது இரு தடவை உருகியது. 145.5 பாகை செல்சியசில் கலங்கிய திரவமாயிற்று, 178.5 பாகையில் தெளிந்தது. 1922இல் ஜோர்ஜ் பிரீடெல் இத்தகைய இடைநிலை அவத்தைகளை வகைப்படுத்தினார். நெமற்றிக்கில் கோல்வடிவ மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கிக் கிடக்கும். ஸ்மெக்ரிக்கில் அவை அடுக்குகளாகவும் அமையும்: ஏ வகையில் அடுக்குக்குச் செங்குத்தாக நிற்கும், சீ வகையில் சாய்ந்து நிற்கும்.

இம்மூன்றும் ஒரு புள்ளியில் கூடினால் அது எத்தகைய புள்ளி? உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் மாணவர் நீரின் மும்மைப் புள்ளியை அறிவார். அங்கே கூடும் மூன்று கோடுகளிலும் மறைவெப்பம் உண்டு. இங்கே அப்படியல்ல. ஏ–சீ மாற்றத்தில் சாய்கோணம் பூச்சியத்திலிருந்து படிப்படியாக வளர்கிறது. நெமற்றிக்–ஏ மாற்றமும் தொடர்ச்சியானதே. நெமற்றிக்–சீ மாற்றத்தில் மாத்திரம் மறைவெப்பம் உண்டு. புள்ளியை நெருங்க நெருங்க அதுவும் அற்றுப்போகிறது. எனவே இது பல்அவதிப் புள்ளி.

1976இல் சென், லுபென்ஸ்கி இருவரும் இதற்கொரு கொள்கையை முன்வைத்தனர். அடுத்த ஆண்டே பிரான்சில் சிகோ, ஆர்துவான், அஷார் குழுவும் அமெரிக்காவில் ஜோன்சன் குழுவும் அப்புள்ளியைப் பரிசோதனையில் கண்டன. இரு குழுக்களுக்கும் கைகொடுத்தது கலவை. வளியமுக்கத்தில் தூய பதார்த்தமொன்றில் மாற்றக்கூடியது வெப்பநிலை மட்டுமே. செறிவு இரண்டாவது மாறியைத் தருகிறது. ஒரே கண்ணாடித் தகட்டில் இரு பதார்த்தங்களை அருகருகே உருகவிட்டால், அவை தொடும் இடத்தில் எல்லாச் செறிவுகளும் வரிசையாக அமைந்துவிடும். முனைவாக்கிய ஒளியில் நெமற்றிக் நூல்நூலாகவும் ஏ விசிறிகளாகவும் தெரியும். சீ தோன்றும்போது விசிறிகள் உடைந்து கோடுபடும்.

1983இல் பிரிஸ்பின், ஜோன்சன் முதலானோர் வெவ்வேறு கலவைகளின் வரைபடங்களை ஒப்பிட்டு, புள்ளியின் அருகே கோடுகள் ஒரே விதமாக வளைவதைக் காட்டினர். ஆனால் அந்த வளைவு கலவை என்பதால் வந்ததா, அவத்தைகளின் இயல்பா? கலவைகளை மட்டும் எத்தனை ஆராய்ந்தாலும் இந்த ஐயம் தீராது என்பதே என் கருத்து.

அதைத் தீர்த்தது பெங்களூர். சர் சீ.வீ. இராமனின் மருமகன் எஸ். சந்திரசேகர் 1971இல் இராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் பளிங்கு ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். வளியமுக்கத்தில் திரவப் பளிங்காகாத மெதொக்சி பென்சோயிக் அமிலம், அமுக்கத்தின் கீழ் நெமற்றிக் ஆவதை அவருடைய குழு 1973 டிசெம்பரில் பெங்களூரில் நடந்த சர்வதேச மாநாட்டிலேயே அறிவித்திருந்தது. நீலமணி உருளைகளுக்கிடையே மாதிரியை வைத்து, அமுக்கியபடியே ஊடுசெல்லும் ஒளியை அளக்கும் கைத்திறன் அங்கு வளர்ந்தது. பின்னர் வந்த வெற்றிக்கு, கொள்கையைவிட இந்தக் கைத்திறனே அதிகம் உதவியது. 1984இல் ஷஷிதர், இரத்னா, கிருஷ்ண பிரசாத் ஆகியோர், செறிவுக்குப் பதிலாக அமுக்கத்தை மாறியாகக்கொண்டு, தனிப் பதார்த்தமொன்றில் அதே வளைவுகளைக் கண்டனர். வளைவு கலவையால் வந்ததல்ல என்பது உறுதியாயிற்று.

1987இல் அதே மூவர், சோமசேகர, ஜேர்மனியின் ஹெப்கே ஆகியோருடன் சேர்ந்து, ஸ்மெக்ரிக் ஏயின் இரு உபவகைகளைப் பிரிக்கும் கோடு ஓர் அவதிப் புள்ளியில் முடிவதைக் காட்டினர். இரண்டுக்கும் சமச்சீர் ஒன்றே, அடுக்குத் தடிப்பு மாத்திரம் வேறு. ஆகையால், திரவத்தையும் வாயுவையும் பிரிக்கும் கோட்டைப் போல, இக்கோடும் இடையில் நின்றுவிட முடிகிறது. அந்தப் புள்ளி கிடைத்தது இருகூற்றுக் கலவையொன்றில்.