ஒரு தடவை அழுத்தினா ரெண்டு கட்டளை ஏன் ஓடுச்சு?

காலேஜ் மைக்ரோபிராசசர் லேப்ல, டாஸ் டீபக்ல ஒரு ப்ரோகிராமை ஓட்டிப் பார்த்துட்டு இருந்தேன். 'டி' அடிச்சா ஒரு கட்டளை ஓடி நிக்கணும். ஒரு இடத்துல மட்டும் ரெண்டு கட்டளை ஓடிடுச்சு. சார்கிட்ட கேட்டேன். "அது அப்படித்தான்பா, அடுத்ததுக்குப் போ"ன்னுட்டார். காரணம் புரிய எனக்குப் பல வருஷம் ஆச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

ஒவ்வொரு கட்டளையா ஓட்டிப் பார்க்குறது ரொம்பப் பழைய பழக்கம். 1949-ல கேம்பிரிட்ஜ்ல ஓட ஆரம்பிச்ச எட்சாக் மெஷின்லயே அதுக்கு ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினா ஒரே ஒரு கட்டளை ஓடும். மெமரில என்ன இருக்குன்னு சின்னத் திரையில எட்டிப் பார்க்கலாம். ஆனா இருக்குறதோ ஒரே மெஷின். ஒருத்தர் அதுமுன்னாடி உட்கார்ந்து யோசிச்சா மத்தவங்க வேலை என்னாகுறது? அதனால ஸ்டான்லி கில் 1951-ல வேற வழியை எழுதினார்: ஒரு ப்ரோகிராமை இன்னொரு ப்ரோகிராம் ஓட்டி, ஓடுற கட்டளைகளை அச்சடிச்சுக் கொடுக்கட்டும், நிதானமா அப்புறம் படிச்சுக்கலாம்.

1978-ல வந்த இன்டெல் 8086, அந்த பட்டன் வேலையைச் சிப்புக்குள்ளேயே வச்சது. பேரு ட்ராப் ஃப்ளாக், ஒரே ஒரு பிட். அதை 1 ஆக்கினா, ஒவ்வொரு கட்டளை முடிஞ்சதும் 1-ம் நம்பர் இன்டரப்ட் வந்து டீபக்கரை எழுப்பும்.

ஆனா ஒரு விதிவிலக்கு. ஸ்டாக் எங்க இருக்குன்னு எஸ்எஸ், எஸ்பின்னு ரெண்டு ரெஜிஸ்டர் சேர்ந்துதான் சொல்லும். எஸ்எஸ்ஸை மாத்திட்டு, எஸ்பியை மாத்துறதுக்குள்ள இன்டரப்ட் வந்தா, அது தப்பான இடத்துல எழுதிடும். அதனால எஸ்எஸ் மாறினதும் அடுத்த கட்டளை முடியுற வரை சிப் காத்திருக்கும். லேப்ல நான் பார்த்தது இதைத்தான்.

இந்தச் சின்ன விஷயம் 2018 மே மாசம் பெரிசா வெடிச்சது. எஸ்எஸ்ஸுக்கான மதிப்பைப் படிக்கிற மெமரி இடத்துல பிரேக்பாயின்ட் வச்சு, அடுத்த கட்டளையிலேயே கெர்னலைக் கூப்பிட்டா, தள்ளிப்போன இன்டரப்ட் கெர்னலுக்குள்ள போனதும் வரும். அப்போ கெர்னல் தன் வேலைக்குத் தயாராகியிருக்காது. விண்டோஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி எல்லாமே அவசரமா பேட்ச் விட்டாங்க. சாதாரண யூசர் மெஷினையே க்ராஷ் பண்ணலாம். சில சிஸ்டத்துல முழு அதிகாரத்தையும் எடுக்கலாம். இருந்த ஆவணத்தை டெவலப்பர்கள் புரிஞ்சுகிட்ட விதம்தான் காரணமா தெரியுதுன்னு செர்ட் அமைப்பு சொன்னது.

40 வருஷமா இருந்த விதி, மக்களே. அது எழுத்துல இல்லாம இல்ல. படிச்சவங்களுக்கு அதோட விளைவு தெளிவாப் புரியல, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் நான் கமென்ட் எழுதுற விதத்தை மாத்திக்கிட்டேன். 'கவனம், தொடாதீங்க'ன்னு எழுதுறதில்ல. எது எப்போ தள்ளிப்போகும், அதுக்குள்ள என்ன நடக்கலாம்னு ரெண்டு வரி எழுதுறேன். "அது அப்படித்தான்"னு மட்டும் யாருக்கும் விட்டுட்டுப் போக வேண்டாமே. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.