மிகை மெய்ம்மை மணல்தொட்டி

மிகை மெய்ம்மை மணல்தொட்டி என்பது மெய்யான மணலின் மேல் கணினி வரையும் நிறங்களையும் கோடுகளையும் ஒளியாக வீழ்த்தி, நில அமைப்பையும் நீரோட்டத்தையும் பொதுமக்களுக்கு விளக்கும் ஊடாடு காட்சிக் கருவி. மணலைக் குவித்தால் மேடு பச்சையிலிருந்து பழுப்புக்கும் வெண்மைக்கும் மாறும். தோண்டினால் பள்ளம் நீலமாகும். தொட்டிக்கு மேலே கையை விரித்து நீட்டினால் அதன் கீழே மழை பெய்யும். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆலிவர் கிரைலோஸ் இதன் மென்பொருளை உருவாக்கி 2012இல் வெளியிட்டார்.

முன்னோடிகள்

கையால் உருவம் கொடுக்கும் பொருளின் மேலேயே கணினிப் படத்தை விழச்செய்யும் எண்ணம் மணல்தொட்டிக்கு முந்தையது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் மீடியா லேபில் ஹிரோஷி இஷீ தலைமையிலான குழு 2002இல் ‘இலுமினேட்டிங் கிளே’ என்ற களிமண் மாதிரியை அறிமுகப்படுத்தியது. லேசர் வருடி களிமண்ணின் உயரங்களை அளக்க, சரிவு, நிழல், நீரோட்டம் ஆகியவை அதன் மேலேயே படமாக விழுந்தன. அதே குழுவின் ‘சேண்ட்ஸ்கேப்’ களிமண்ணுக்குப் பதிலாகச் சிறு கண்ணாடி மணிகளையும், விலை மிகுந்த லேசர் வருடிக்குப் பதிலாக அகச்சிவப்பு ஒளியையும் பயன்படுத்தியது. இரண்டும் முதன்மையாக நிலவடிவமைப்பாளர்களின் மேசைக்கென எண்ணப்பட்டவை.

இந்த எண்ணத்தைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது ஒரு விளையாட்டுச் சாதனம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360க்காக விற்பனைக்கு விட்ட கினெக்ட், ஆடுபவரின் உடலசைவை அறிய ஆழமறி கேமரா ஒன்றைக் கொண்டிருந்தது. அதன் தொடக்க விலை 150 டாலர். சில நாட்களுக்குள்ளேயே அதைச் சாதாரணக் கணினியில் இயக்கும் கட்டற்ற மென்பொருள் வெளிவந்தது. செக் நாட்டு ஆய்வாளர்கள் கினெக்ட்டை மணல்தொட்டியுடன் இணைத்துக் காட்டிய முன்மாதிரியே கிரைலோஸின் பணிக்குத் தூண்டுதலாக அமைந்தது.

ஏரிகளைப் பற்றிய திட்டம்

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன், நன்னீர் ஏரிகளையும் அவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் மக்களுக்கு விளக்கும் திட்டத்தின் பகுதியாக மிகை மெய்ம்மை மணல்தொட்டி உருவானது. டேவிஸ் வளாகத்தின் டாஹோ சுற்றுச்சூழல் ஆய்வு மையம், பெர்க்லியின் லாரன்ஸ் ஹால் ஆஃப் சயின்ஸ், வெர்மான்ட் மாநிலத்தின் சாம்ப்ளைன் ஏரிக்கரையில் உள்ள எக்கோ அறிவியல் மையம் ஆகியவை இதில் பங்கேற்றன.

டாஹோ ஏரி 500 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ளது. தெளிந்த நீருக்குப் பெயர்பெற்றது. அதன் தெளிவு 1968 முதல் தொடர்ந்து அளக்கப்படுகிறது. சுற்றியுள்ள நிலத்திலிருந்து அடித்துவரப்படும் நுண்துகள்களே ஏரி கலங்கப் பெருங்காரணம். ஏரியைக் காக்க வேண்டுமானால் அதற்கு நீர் வரும் நிலத்தைக் காக்க வேண்டும். வரைபடத்தில் சொன்னால் எளிதில் பிடிபடாத இந்த உண்மையை மணலில் செய்து காட்டுவதே திட்டத்தின் நோக்கம்.

அமைப்பும் செயல்முறையும்

பரிந்துரைக்கப்பட்ட தொட்டி ஏறத்தாழ 1 மீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் உடையது. அதில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் நிரப்ப ஏறத்தாழ 90 கிலோ தேவை. நிறங்கள் துலங்க வெண்மணல் ஏற்றது. சற்று ஈரமாக இருந்தால் குவித்த வடிவம் நிற்கும். தொட்டிக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் கினெக்ட் தொங்கும். அருகில் புரொஜெக்டரும், நல்ல கிராபிக்ஸ் கார்டு கொண்ட லினக்ஸ் கணினியும் இருக்கும்.

கினெக்ட் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிக் கோலம் ஒன்றை மணல்மீது வீசுகிறது. மேடுபள்ளங்களால் அந்தக் கோலம் இடம் பிறழ்வதை வைத்து ஒவ்வோர் இடத்தின் தொலைவும் கணக்கிடப்படுகிறது. 640க்கு 480 புள்ளிகள் கொண்ட ஆழப்படம் நொடிக்கு 30 முறை கிடைக்கும். மென்பொருள் பல படங்களை ஒப்பிட்டு, அசைந்துகொண்டிருக்கும் கைகளையும் கரண்டிகளையும் விலக்கி, நிலையாக இருக்கும் பரப்பை மட்டும் நிலமாக ஏற்கிறது. அதனால் மணலை மாற்றிய சிறிது நேரம் கழித்தே நிறம் மாறும்.

கேமரா காணும் இடமும் புரொஜெக்டர் வீழ்த்தும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். இதற்காகத் தொடக்கத்தில், கூட்டல் குறி வரைந்த வெள்ளைத்தாள் ஒட்டிய பழைய குறுந்தகட்டைத் தொட்டிக்குள் வெவ்வேறு இடங்களிலும் உயரங்களிலும் பிடித்து அளவு பொருத்துவார்கள்.

மழையும் வெள்ளமும் வெறும் அசைபடம் அல்ல. ஆழம் குறைந்த நீரோட்டத்துக்காகப் பிரெஞ்சுப் பொறியாளர் சான்-வெனான் 1871இல் தந்த சமன்பாடுகளைக் கணினி இடைவிடாமல் தீர்க்கிறது. மணல் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே நீர் சரிவில் ஓடும், தாழ்வில் தேங்கும், கரையில் மோதித் திரும்பும்.

கல்விப் பயன்

பாடநூலில் மாணவரைக் குழப்பும் சம உயரக் கோடு இங்கே விரல் நுனியில் நகர்கிறது. குவியலைச் செங்குத்தாக்கினால் கோடுகள் நெருங்கும், தட்டையாக்கினால் விலகும். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒரு முகடு எழுப்பி மழை பெய்யவிட்டால், நீர் எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பது தெரியும். ஏரிக்கரையை விரலால் கீறிவிட்டால் உடைப்பெடுத்த நீர் அடுத்த பள்ளத்தை நிரப்பும்.

விசைப்பலகையோ பொத்தானோ இல்லை. மணலில் விளையாடத் தெரிந்தால் போதும். தொட்டியைச் சுற்றிப் பலர் நின்று ஒரே நிலத்தை மாற்றலாம். ஒருவர் கட்டிய அணை அடுத்தவர் பக்கத்து ஓடையை வற்றச் செய்யும். நீர் மேலாண்மையின் அடிப்படைச் சிக்கல் அப்போது பேச்சுக்கு வரும். நிறமாற்றத்தின் அழகு மட்டுமே மனத்தில் நிற்கும் ஆபத்தும் உண்டு. “இங்கே பெய்த மழை எந்த ஏரிக்குப் போகும்?” என்று கேட்டு, நீரை விடுமுன் பதிலை ஊகிக்கச் சொல்லும் வழிகாட்டி அருகில் இருக்கும்போதே விளையாட்டு பாடமாகிறது.

வரம்புகள்

மேலிருந்து அளப்பதால் குகையையும் துருத்திய பாறையையும் கருவி அறியாது. வெயில் விழும் இடத்தில் அகச்சிவப்பு அளவீடு பிழைபடும். நிலத்தடி நீரோட்டமும் இதில் இல்லை. எல்லாவற்றினும் பெரிய குறை, ஒளியால் ஆன வெள்ளம் மணலில் ஒரு துகளைக்கூட அரித்துச் செல்லாது என்பது. டாஹோவைக் கலக்கும் மண்ணரிப்பை வழிகாட்டி வாயால்தான் சொல்ல வேண்டும்.

பரவல்

மென்பொருளும் கட்டுமானக் குறிப்புகளும் பொது உரிமத்தில் விலையின்றிக் கிடைப்பதால், உலகெங்கும் நூற்றுக்கணக்கான அருங்காட்சியகங்களும் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் தாங்களே தொட்டி அமைத்துள்ளன. கினெக்ட் உற்பத்தியை மைக்ரோசாப்ட் 2017இல் நிறுத்தியது. அதன் பின் புதிதாகத் தொட்டி அமைப்போர் பலர், யாரோ விளையாடி முடித்து விற்ற பழைய கினெக்ட்டையே தேடி வாங்குகிறார்கள்.